புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்: பெரிய பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளோடு என் அனுபவம்

பெரிய பரீட்சை எழுதப்போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் பெற்றோர் நாள் முழுக்கக் கேட்பது ஒரே கேள்விதான்: "படிச்சியா?" பிள்ளை சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "படிச்சிட்டேன்." இதைக் கேட்டவருக்கும் ஒன்றும் தெரியாது, சொன்னவருக்கும் ஒன்றும் தெரியாது. என் மகள் பொதுத்தேர்வுகளை எழுதி முடித்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் மகன் எழுதினான், நடுவில் என் அக்கா பையனும் பரீட்சை சமயத்தில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தான். மூவரும் மூன்று விதமான பிள்ளைகள். ஒருத்திக்குத் தனிமை வேண்டும், ஒருவனுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும், இன்னொருவன் நடந்துகொண்டேதான் படிப்பான். ஆனால் மூன்று பேர் விஷயத்திலும் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்: புத்தகத்தை மூடிய பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாடம் மனசில் நின்றது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மகனைப் பற்றிச் சொல்கிறேன். வரலாறு என்றால் அவன் மஞ்சள் ஹைலைட்டரோடு உட்காருவான். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பக்கமே மஞ்சளாக இருக்கும், கோடு போடாத வரியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். "முடிச்சிட்டேம்மா, திரும்பத் திரும்பப் படிச்சிட்டேன், எல்லாம் தெரியும்" என்பான். அது பொய் இல்லை, அவன் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினான். ஒருநாள் புத்தகத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெள்ளைத் தாள் ஒன்றைக் கொடுத்தேன். "இந்தப் பாடத்துல ஞாபகம் வர்றதை எல்லாம் எழுது, வரிசை வேண்டாம், முழு வாக்கியம்கூட வேண்டாம்" என்றேன். 'முதல் உலகப் போர் – காரணங்கள்' என்று தலைப்பு எழுதி, அடிக்கோடு போட்டான். கூட்டணிகள் என்று ஒரு வரி. ஆஸ்திரிய இளவரசர் கொலை, 1914 என்று அடுத்த வரி. அப்புறம் பேனா நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "தெரியும்மா, உள்ளே இருக்கு, வர மாட்டேங்குது."

நான் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் யோசிக்க விட்டேன், ஜெர்மனி என்ற பெயர் மட்டும் வந்தது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை எல்லாம் அதே தாளில் சிவப்புப் பேனாவால் எழுதச் சொன்னேன். எந்தெந்த நாடு எந்தக் கூட்டணியில் இருந்தது, கொலை நடந்த ஊர் சரயேவோ, தேதி ஜூன் 28, ஆயுதப் போட்டி, காலனிகளுக்கான போட்டி, தேசியவாதம்... முடிக்கும்போது தாளில் நீலத்தைவிடச் சிவப்புதான் அதிகம். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. "இந்தச் சிவப்பு மட்டும்தான் இனி நீ படிக்க வேண்டியது, நீலத்துல இருக்கிறதை விட்டுடு" என்று சொன்னதும் கொஞ்சம் தெளிந்தான். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வெள்ளைத் தாள். இந்தத் தடவை நீலம் பாதித் தாளுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஹைலைட்டரை அவனாகவே ஓரம் கட்டிவிட்டான், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இது ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அது பழகிப்போகிறது, பழகியதைத் தெரிந்தது என்று மனசு எடுத்துக்கொள்கிறது. பரீட்சை அறையிலோ பக்கம் கண் முன்னால் இருக்காது, உள்ளே இருந்து இழுத்துக் கொண்டுவர வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலைகள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்று திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது என்னவென்றால், ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்த குழுதான் அதிக நம்பிக்கையோடு பதில் சொல்லியிருக்கிறது. அதனால் "எல்லாம் தெரியும்மா" என்று பிள்ளை சொன்னால் ஏமாற்றுகிறான் என்று கோபப்பட வேண்டியதில்லை. அந்த நம்பிக்கை யாருக்கும் வரும், பெரியவர்களுக்கும்தான்.

'பார்க்காமல் எழுதிக் காட்டு', 'சொல்லி ஒப்பி' என்று நமக்குச் சொல்லித் தந்தவர்கள் சொன்னதும் இதையேதான். ஒரே ஒரு திருத்தம் வேண்டும்: வரி பிசகாமல் ஒப்பிப்பது போதாது. அதனால் நான் கேட்கும் கேள்விகளில் 'ஏன்', 'எப்படி', 'அது இல்லாவிட்டால் என்ன ஆகும்' என்பவை கூடுதலாக இருக்கும். 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன' என்று கேட்டால் மனப்பாடம் வரும். 'செடியை இருட்டு அறையில் வைத்தால் முதலில் எது நின்றுபோகும், ஏன்' என்று கேட்டால் புரிந்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

"எனக்கு அந்தப் பாடமே தெரியாதே, நான் எப்படிக் கேட்க முடியும்?" என்று பலர் தயங்குகிறார்கள். தெரிய வேண்டியதில்லை. கையில் புத்தகம் இருக்கிறது, பாடத்தின் கடைசியில் கேள்விகள் இருக்கின்றன, விடைக்குறிப்பு இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருப்பது ஒரு விதத்தில் நல்லதும்கூட, ஏனென்றால் "எனக்குப் புரியல, இன்னும் எளிமையா சொல்லு" என்று நீங்கள் உண்மையாகவே கேட்பீர்கள், பிள்ளை உங்களுக்குப் புரியவைக்கப் பார்க்கும்போதே தனக்கு எங்கே இடறுகிறது என்று கண்டுகொள்ளும். என் மகன் எனக்கு மின்காந்தத் தூண்டல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்து, பாதியில் நின்று, "இரு, இது ஏன்னு எனக்கே தெரியல" என்று புத்தகத்தைத் தேடி ஓடியிருக்கிறான். அந்த ஓட்டம் எந்தக் கோச்சிங்கிலும் கிடைக்காது.

கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். பிள்ளை யோசிக்கும்போது நம் வாய் சும்மா இருக்காது, முதல் எழுத்தையாவது எடுத்துக் கொடுக்கத் துடிக்கும். அந்த மௌனத்தில்தான் வேலையே நடக்கிறது, தேடித் தேடி எடுக்கிற முயற்சியே நினைவை உறுதிப்படுத்துகிறது. முடியவே இல்லை என்றால் புத்தகத்தைக் காட்டுங்கள், உடனே மூடி மறுபடியும் சொல்லச் சொல்லுங்கள். தவறாகச் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள். "நேத்துதானே சொன்னே?" என்ற ஒரு வரி போதும், அடுத்த நாளிலிருந்து உங்களிடம் கேள்வி கேட்கச் சொல்லவே பிள்ளைக்குத் தோன்றாது. ஒரு வேளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். எரிச்சல் எட்டிப் பார்த்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

எல்லாப் பிள்ளைகளும் அப்பா அம்மா கேள்வி கேட்பதை ஏற்க மாட்டார்கள். என் மகள் சுத்தமாக ஏற்கவில்லை. "நீ கேட்டா எனக்கு டென்ஷன் ஆகுது" என்று நேராகவே சொன்னாள், அது நியாயம்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, எதிரே வகுப்பே உட்கார்ந்திருப்பதுபோல் சத்தமாகப் பாடம் நடத்துவாள், கேள்வி கேட்பாள், அவளே பதில் சொல்வாள். வெளியே நின்று கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும், ஆனால் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை, பேசினால் நின்றுபோயிருக்கும். அக்கா பையனுக்கு உட்கார்ந்த இடத்தில் வராது. அவனோடு நடந்துகொண்டே கேட்போம். என் கணவர் இந்த வேலையை எடுத்துக்கொண்டார், இருவரும் வேதியியல் சமன்பாடு பேசிக்கொண்டு சுற்றி வருவார்கள். உங்கள் பிள்ளைக்கு எது ஒத்துவருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நண்பனோடு மாறி மாறிக் கேட்டுக்கொள்வதும் நல்லதுதான்.

அடுத்தது மறதி. "போன வாரம் படிச்சது எல்லாம் மறந்துபோச்சு" என்று பிள்ளைகள் இடிந்துபோய் உட்காரும் நேரம் கட்டாயம் வரும், அப்போது அவர்களிடம் சொல்ல நம்மிடம் விஷயம் இருக்க வேண்டும். ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரங்களில் வேகமாக நடக்கிறது, போகப்போக மெதுவாகிறது என்பது அதில் தெரிந்தது. அர்த்தத்தோடு படித்த பாடம் அவ்வளவு வேகமாகப் போகாது, ஆனாலும் போகும். மறப்பது மூளையின் இயல்பு, பிள்ளையின் குறை இல்லை. பாதி மறந்த நிலையில் முயன்று நினைவுபடுத்தினால் அது முன்னைவிட ஆழமாக உட்காரும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் மகள் மறதியைப் பார்த்துப் பயப்படுவதை விட்டாள். "மறந்தாத்தான் மறுபடி எடுக்கிறதுல பலன் இருக்கு" என்று தம்பிக்கே பாடம் எடுத்தாள்.

எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. செப்பீடா என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2008-இல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, பரீட்சை ஒரு வாரத்தில் என்றால் அந்தக் காலத்தில் ஏறத்தாழ 20 முதல் 40 சதவீதம் அளவுக்கும், ஒரு வருடம் தள்ளி என்றால் 5 முதல் 10 சதவீதம் அளவுக்கும் இடைவெளி விடுவது பலன் தருகிறது. பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தால் ஓரிரு நாள் விட்டுத் திரும்பப் பார்க்கலாம், இரண்டு மாதம் இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் விடலாம். இதைப் பிடித்துக்கொண்டு நாள்காட்டியில் கோடு போட்டு உட்கார வேண்டாம். ஒரே பாடத்தை ஒரே நாளில் நான்கு மணி நேரம் குத்தி முடிப்பதைவிட, ஒரு மணி நேரமாக நான்கு நாளில் பிரித்தால் அதே உழைப்புக்கு அதிகம் நிற்கும் என்பதைப் பிள்ளை புரிந்துகொண்டால் போதும்.

சூத்திரம், தேதி, வரையறை, சொற்பொருள் போன்ற துண்டு விஷயங்களுக்கு அட்டை முறையை வைத்துக்கொண்டோம். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் விளக்கிய பெட்டி முறை இதற்குச் சரியாக இருக்கும். பெட்டியை வரிசையாகச் சில அறைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை இனி அடிக்கடி பார்க்க வேண்டாம், தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பி வரும், அதைத் தினமும் பார்க்க வேண்டும். பெட்டிகூட வேண்டாம், ரப்பர் பேண்ட் போட்ட மூன்று கட்டுகள் போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள், அட்டையைப் பிள்ளைதான் எழுத வேண்டும். நாம் அழகாக எழுதிக் கொடுத்தால் படித்தது நாம்தான். சில பிள்ளைகள் அட்டை எழுதுவதிலேயே வாரம் முழுக்கக் கழிப்பார்கள், நாலு வண்ணம், ஓரத்தில் பூ வேலை. எழுதியது போதும், இப்போது கலைத்துப் போட்டுக் கேட்டுப் பார்ப்போம் என்று அப்போது மெதுவாகத் திருப்பிவிட வேண்டும்.

டைம்டேபிள் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. காலை 5 முதல் 7 வரை கணிதம், 7.30 முதல் 9 வரை இயற்பியல் என்று மணி போட்டுச் சுவரில் ஒட்டும் அட்டவணை இரண்டாம் நாளே உடைந்துவிடும். உடைந்ததும் "என்னால முடியல" என்ற எண்ணம் வரும், அது இழந்த இரண்டு மணி நேரத்தைவிடப் பெரிய நஷ்டம். எங்கள் வீட்டில் நடைமுறைக்கு வந்தது வேறு. ஒவ்வொரு பாடத்துக்கும் எல்லா அத்தியாயங்களையும் ஒரே தாளில் பிள்ளையே எழுத வேண்டும். பார்க்காமல் விளக்க முடியும், பாதி முடியும், சுத்தமாக முடியாது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி. தினமும் அந்தத் தாளைப் பார்த்து நாளைக்கு எதை எடுப்பது என்று அவர்களே தீர்மானிப்பார்கள். 'பாதி முடியும்' என்பதில் தொடங்குவதுதான் நல்லது, கொஞ்சம் தள்ளினாலே ஏறிவிடும், அந்தத் தெம்பில் கஷ்டமானதைத் தொடலாம். இன்னொன்று, 'வேதியியல் இரண்டு மணி நேரம்' என்று எழுதக் கூடாது. 'கரிமச் சேர்மங்கள் பத்துக்குப் பார்க்காமல் பெயர் எழுதித் திருத்துவது' என்று எழுத வேண்டும். முடிந்ததா இல்லையா என்று அடித்துச் சொல்லக்கூடியதாக இருந்தால்தான் அது வேலை. வாரத்தில் அரை நாளாவது காலியாக விடுங்கள், தள்ளிப்போனதெல்லாம் அங்கே வந்து சேரும்.

கணிதத்துக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரே வகைக் கணக்கை இருபது போட்டால் கை ஓடும், மனசுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் பரீட்சையில் இது எந்த வகைக் கணக்கு என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கன அளவு காணும் கணக்குகளை வகை வகையாகப் பிரித்துப் போட்ட மாணவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பிரித்துப் போட்டவர்கள் 20-க்கு இறங்கிவிட்டார்கள், கலந்து போட்டவர்கள் 63. இதைக் காட்டிய பிறகுதான் அக்கா பையன் வேறு வேறு அத்தியாயங்களிலிருந்து கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்க ஆரம்பித்தான். தொடக்கத்தில் நிறைய தவறு வரும், பிள்ளை சோர்ந்துபோகும். அந்த நேரத்தில் இந்த எண்களைச் சொல்லுங்கள், உதவும்.

பழைய வினாத்தாள்கள்தான் எல்லாவற்றிலும் பெரிய ஆசிரியர். ஆனால் நேரம் வைத்து, ஒரே மூச்சில், புத்தகம் பக்கத்தில் இல்லாமல் எழுத வேண்டும். மகள் இயற்பியல் மாதிரித் தேர்வு எழுதும்போது எதிரே உட்கார்ந்திருந்தேன். ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றுக்குப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, அழித்து மறுபடி போட்டு, அந்த ஒரு விடைக்கே இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாள். கடைசிப் பக்கக் கேள்விகளுக்கு நேரமே இல்லை, அவை அத்தனையும் அவளுக்குத் தெரிந்தவை. முடித்ததும் நாங்கள் கணக்குப் போட்டோம். மூன்று மணி நேரம் என்றால் 180 நிமிடம், சரிபார்க்க 15 ஒதுக்கினால் மீதி 165. நூறு மதிப்பெண்ணுக்கு அதைப் பிரித்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், ஐந்து மதிப்பெண்ணுக்கு எட்டு நிமிடம். அந்த எட்டை அவள் பென்சில் பெட்டியின் உள்மூடியில் எழுதி ஒட்டினாள். அடுத்த மாதிரித் தேர்விலேயே கடைசிக் கேள்வி வரை வந்துவிட்டாள். உங்கள் பிள்ளையின் தேர்வுக்கு நேரமும் மதிப்பெண்ணும் வேறாக இருக்கலாம், கணக்கு இதேதான். முடிந்தவரை உண்மையான பரீட்சை நடக்கும் நேரத்திலேயே எழுத வையுங்கள்.

திருத்துவதும் பிள்ளைதான். விடைக்குறிப்பைக் கையில் கொடுத்து, எந்த வரிக்கு எவ்வளவு மதிப்பெண் என்று பார்த்துப் பார்த்துத் தானே போட வேண்டும். அப்புறம் தவறுகளுக்கு என்று ஒரு நோட்டு. மொத்த மதிப்பெண் எவ்வளவு என்பதை நான் கேட்டதே இல்லை, ஒவ்வொரு தவறும் எப்படி வந்தது என்றுதான் கேட்பேன். தெரியாமல் போனதா, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விட்டதா, கூட்டல் கழித்தல் குறி மாறியதா, நேரம் போதவில்லையா. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. மகனுக்கு எல்லாப் பாடத்திலும் ஒரே கோளாறு, 'வேறுபடுத்துக' என்று கேட்டிருந்தால் இரண்டையும் தனித்தனியாக விளக்கிவிட்டு வந்துவிடுவான். நோட்டில் அது திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கேள்வியில் உள்ள வினைச்சொல்லை வட்டமிட்டுவிட்டுத்தான் எழுத ஆரம்பிப்பது என்று வைத்துக்கொண்டான்.

தூக்கத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016-இல் பரிந்துரைத்தது. படித்தது நினைவில் பதிகிற வேலையில் பெரும் பங்கு தூக்கத்தில் நடக்கிறது, அதனால் தூக்கத்தை வெட்டிப் படிப்பது படித்ததையே வெட்டுவதற்குச் சமம். பதின்ம வயதில் உடல் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது, தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் பெரியவர்களைவிடத் தாமதமாகத்தான் சுரக்கிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராததும் காலையில் எழுப்ப முடியாததும் சோம்பேறித்தனம் இல்லை. இரவு பன்னிரண்டு வரை படித்த பிள்ளையை நாலு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்புவது கொடுமை, அதில் படிப்பும் ஏறாது. தூக்கத்தை விரட்டும் கஃபீன் பானங்களையும் சாயங்காலத்துக்கு மேல் தவிர்க்கச் சொல்லுங்கள், குடித்ததில் பாதி உடலை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

போன் விஷயத்தில் சண்டை போட்டுப் பயனில்லை. பிடுங்கி வைத்தால் பிள்ளையின் மனசு முழுக்கப் போனில்தான் இருக்கும். முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, படிக்கும் நேரத்தில் அது வேறு அறையில் இருக்கும், இடைவேளையில் எடுத்துக்கொள்ளலாம், இரவில் படுக்கை அறைக்குள் வராது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். அந்த ஒப்பந்தம் எங்கள் போன்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி மனசு. பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் நாம் வாயைத் திறந்தாலே அது மார்க்கைப் பற்றித்தான் என்று பிள்ளைகளுக்குத் தோன்றிவிடுகிறது. ஒரு நாளில் ஒரு வேளையாவது பரீட்சையைப் பற்றிப் பேசாத நேரம் வீட்டில் இருக்க வேண்டும், சேர்ந்து உட்கார்ந்து வேறு எதையாவது பேசுங்கள், சிரியுங்கள். ஒப்பிட்டுப் பேசுவதை அறவே விட்டுவிடுங்கள். அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளை, நாம் படித்த காலம், எதுவும் வேண்டாம். எவ்வளவு எடுப்பாய் என்று பிள்ளையிடம் விசாரிக்கிற பெரியவர்களை நாம்தான் இடைமறிக்க வேண்டும், "அது முடிஞ்சப்புறம் பார்த்துக்கலாம்" என்று நாமே பதில் சொல்லிவிட்டால் பிள்ளை நம்மை நன்றியோடு பார்க்கும்.

ஒரு ராத்திரி மகள் அறையிலிருந்து வெளியே வந்து, "எதுவுமே ஞாபகம் இல்லம்மா, எல்லாம் காலியா இருக்கு" என்று அழுதாள். கை குளிர்ந்து போயிருந்தது, மூச்சு மேலும் கீழும் வாங்கியது. அந்த நேரத்தில் "நீ நல்லாப் படிக்கிற பொண்ணு, உனக்கு என்ன பயம்" என்று சொன்னால் காதில் ஏறாது. பக்கத்தில் உட்கார வைத்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடச் சொல்லி, நானும் கூடவே செய்தேன். அழுகை அடங்கும் வரை பரீட்சை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் அவளுக்குத் தெரியும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சின்னக் கேள்வியைக் கேட்டேன். பதில் சொன்னாள். இன்னொன்று கேட்டேன், அதற்கும் சொன்னாள். "காலியா இல்லையே" என்றேன். அன்றைக்குப் படிப்பு அத்தோடு முடிந்தது, படுக்கப் போனாள்.

இது ஒரு ராத்திரியோடு போகும் பயம். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை, பிடித்ததில்கூட ஆர்வமில்லை, 'நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்' என்பதுபோல் ஏதாவது வார்த்தை விழுந்தது என்றால் பரீட்சையை ஓரமாக வைத்துவிடுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே, அன்பாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை என்று உலக சுகாதார அமைப்பு தெளிவாகச் சொல்கிறது, கேட்டால்தான் பிள்ளைக்குப் பேச வழி பிறக்கும். தனியாக விடாமல், தாமதிக்காமல் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். ஒரு பரீட்சையைத் தள்ளி எழுதலாம், மறுபடியும் எழுதலாம். இந்த வார்த்தையைப் பிரச்சினை வருவதற்கு முன்பே, சாதாரண நாளில், பிள்ளையின் காதில் விழும்படி சொல்லி வைத்திருக்க வேண்டும். நான் சொல்லி வைத்திருந்தேன். கஷ்டமான அந்த ராத்திரியில் மகள் என்னைத் தேடி வெளியே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னால் அவளே சொன்னாள்.

பரீட்சைக்கு முந்தைய நாள் புதிதாக எதையும் திறக்க வேண்டாம். தவறுகள் நோட்டு, சிவப்பு மையில் எழுதிய தாள்கள், அடிக்கடி தவறிய அட்டைகள், இவ்வளவு போதும். பேனா, நுழைவுச்சீட்டு, கடிகாரம் எல்லாம் சாயங்காலமே ஒரே இடத்தில் இருக்கட்டும், காலையில் தேடுகிற பதற்றம் யாருக்கும் வேண்டாம். எழுதிவிட்டு வந்ததும் வினாத்தாளை விரித்து வைத்து விடை சரிபார்க்கும் பழக்கத்தை நாங்கள் அடியோடு நிறுத்திவிட்டோம். எழுதியதை இனி மாற்ற முடியாது, ஆனால் ஒரு தவறு தெரிந்துவிட்டால் அடுத்த பரீட்சைக்குப் படிக்க வேண்டிய அந்த மாலை முழுக்கப் போய்விடும். "எப்படி இருந்துச்சு?" என்று ஒரு முறை கேட்பேன். சொன்னால் கேட்டுக்கொள்வேன், சொல்லாவிட்டால் விட்டுவிடுவேன். வினாத்தாள் கடைசிப் பரீட்சை முடியும் வரை என் அலமாரியில் இருக்கும். மகன் ஒரு தடவை கணிதத்தில் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வந்து வாசலிலேயே அழுதான். அழுது முடித்துத் தூங்கி எழுந்து, அவனாகவே அடுத்த பாடத்துத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முடிவு வரும் நாளைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: யார் முதலில் பார்ப்பது, எண்ணை யாரிடமெல்லாம் சொல்லலாம், வேண்டாம் என்றால் என்ன சொல்வது. எங்கள் வீட்டில் பிள்ளைதான் முதலில் பார்க்கும், அவர்களாகச் சொல்லும்வரை நாங்கள் வெளியே யாரிடமும் சொல்வதில்லை. இன்னொன்று, பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கட்டிப் பழைய பேப்பரில் போடும்போது தவறுகள் நோட்டையும் அட்டைகளையும் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மகள் மேல்படிப்பில் வேதியியல் எடுத்தபோது அந்தப் பழைய அட்டைகளைத்தான் முதலில் தேடினாள், அவள் தேடி முடித்ததும் தம்பி வாங்கிக்கொண்டான்.